சுண்ணாம்புப் பொட்டு இல்லாத விதை

1

நான் ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. பத்து நாளாக எழுதவில்லை. அதை எழுத வராத கைதான் இதை எழுதுகிறது. பாரிவாக்கம், பூந்தமல்லிப் பக்கத்துக்காரர்கள் யாராவது படித்தால், 'சீமைக்குப் போயும் இவன் கத்திரிக்காயை விடவில்லை பார்' என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இங்கிலாந்துக்கு வந்து இந்தப் பங்குனியோடு ஒன்பது வருஷம் முடிந்தது. லாரிக்கு உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் லேத் வேலை. ஆவடியில் கற்றுக்கொண்டது, இங்கே சோறு போடுகிறது. வீட்டில் மனைவி சரோஜா, பதினோரு வயது மகள் மாலதி. பள்ளிக்கூடத்தில் அவளை 'மோலி' என்கிறார்கள். அந்தப் பெயருக்கு அவள் உடனே திரும்புகிறாள். நான் 'மாலதி' என்று கூப்பிட்டால்தான் கொஞ்சம் தாமதமாகிறது.

நான் சந்தேகக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பால்காரன் வாசலில் வைத்துவிட்டுப் போகும் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் உள்ளே கொண்டுவர மாட்டேன். பஸ் கண்டக்டர் சிரித்துக்கொண்டே 'குட் மார்னிங்' சொன்னால், இவனுக்கு நம்மிடம் என்ன வேண்டுமாம் என்று இறங்குகிற வரை யோசிப்பேன். "உங்க நெழலு பின்னாடி வந்தாக்கூட, எதுக்கு வர்றேன்னு நிறுத்திக் கேப்பீங்க" என்பாள் சரோஜா.

இங்கே கடையில் கிடைக்கும் கத்திரிக்காயையும் நான் நம்பியதில்லை. செருப்பு நீளத்தில், பாலிஷ் போட்ட மாதிரி கறுப்பாக இருக்கிறது. அறுத்தால் பஞ்சு. மாலதிக்கு அதன் ஆங்கிலப் பெயர்தான் தெரியும். "கத்திரிக்கா எங்கம்மா இருக்கு கொழம்புல?" என்று நான் கேட்டால், அவள் கரண்டியால் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டி அந்தப் பெயரைச் சொல்வாள். இது கத்திரிக்காய் இல்லை, எங்கள் ஊர்க் காய் வேறு என்று நான் ஒன்பது வருஷமாகச் சொல்கிறேன். எத்தனை நாளைக்குத்தான் வாயாலேயே சொல்லிக்கொண்டிருப்பது? ஒரு தடவையாவது அந்தக் காயைப் பறித்து அவள் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

2

எங்கள் வீட்டில் அதற்குத் தும்பைக் கத்திரி என்று பெயர். தும்பைப் பூ நிறம், காம்பில் முள், முட்டையைவிடக் கொஞ்சம் பெரிய உருவம். எண்ணெய் அதிகம் கேட்காது, தாளித்த சட்டியில் மூடிவைத்தாலே வெந்துவிடும். பாரிவாக்கத்தில் எங்கள் கிணற்றடித் தோட்டத்தில் மட்டும்தான் விளைந்தது. பூந்தமல்லிச் சந்தையில் நைனா கூடையை இறக்கினால், தலையில் முண்டாசை அவிழ்ப்பதற்குள் கூடை காலியாகிவிடும்.

விதைக்கென்று விட்ட காய் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்கும். நைனா அதைக் கீறி, விதையை அலசி, சாம்பலும் சாணமும் சேர்த்துப் பிசைந்து, மாட்டுக்கொட்டகைச் சுவரில் வராட்டியாகத் தட்டிவைப்பார். பூச்சி அண்டாது. மறு ஆடி வரை அது அங்கேயே காய்ந்துகொண்டிருக்கும்.

விதை கேட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இல்லை என்று சொன்ன வீட்டில் விதை தங்காது என்பார்கள். நைனாவும் யாருக்கும் இல்லை என்று சொன்னதே இல்லை. ஆனால் கொடுப்பதற்கு என்று தனியாக விதை வைத்திருந்தார். அதைத் துணியில் முடிந்து, கொதிக்கிற வெந்நீரில் முக்கி, நூறு எண்ணி எடுப்பது என் வேலை. பிறகு அதையும் சாணத்தில் பிசைந்து அதே சுவரில் தட்டுவோம். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நல்ல விதை இருக்கும் வராட்டியில் மட்டும் ஓரமாக ஒரு சுண்ணாம்புப் பொட்டு. அந்தப் பொட்டுக்கு அர்த்தம் நைனாவுக்கும் எனக்கும்தான் தெரியும். அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. அண்ணன் ஓட்டைவாய்.

"இது பாவமில்லியா நைனா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லேன்னு சொன்னாதான்டா பாவம். குடுக்கறதெல்லாம் மொளைக்கும்னு எவன்டா சொன்னான்?" என்றார்.

ஏழுமலை வந்து கேட்டது அறுபதுகளின் ஆரம்பத்தில். அவன் குடும்பம் தலைமுறையாக எங்கள் நிலத்தில் கூலிக்கு உழைத்த குடும்பம். எரு வண்டி ஓட்டுவான். என்னைவிட ஆறு வயது மூத்தவன், ஆனாலும் நான் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவன் என்னைச் 'சின்னய்யா' என்பான். ஏரிக்கரைப் பக்கம் குடிசைக்குப் பின்னால் கையகல இடத்தில் கத்திரி போட வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டான். நைனா உடனே பொட்டில்லாத வராட்டி ஒன்றைப் பெயர்த்துக் கொடுத்தார். ஏழுமலை அதை இரண்டு கையாலும் துண்டில் ஏந்திக்கொண்டு போனான்.

மூன்று வருஷம் தொடர்ந்து கேட்டான். மூன்று வருஷமும் கொடுத்தோம். மூன்றாம் வருஷம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "மொளைக்கல சின்னய்யா. என் கைராசி சரியில்ல போலக்கீது" என்றான்.

"இருக்கும், இருக்கும்" என்றேன் நான். எனக்கு அன்று சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

3

இந்தத் தை மாதம் நான்கு வார விடுப்பில் ஊருக்குப் போனேன். நைனா இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அவர் சாவுக்கு நான் போகவில்லை. கிணற்றடித் தோட்டத்தில் பாதி மனைகளாகி, கல் நட்டிருந்தார்கள். அண்ணன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கிடங்கு பார்க்கிறான். மிச்சமிருந்த நிலத்தில் முள்ளங்கி போட்டிருந்தான்.

போன மறுநாளே விதையைக் கேட்டேன்.

"அது கெட்டுப் போச்சுடா" என்றான் அண்ணன். "நைனா செத்த வருசம் போட்டேன், ஒண்ணும் மொளைக்கல. வேற வராட்டிய ஒடச்சிப் போட்டேன், அதுவும் மொளைக்கல. அவரோட அதுவும் போச்சுன்னு விட்டுட்டேன்."

"பொட்டு வெச்சதப் போட்டியா?"

"இன்னா பொட்டு? திதிக்கு வெள்ளையடிக்க வந்தவன் செவுத்தோட சேத்து வராட்டி மேலயும் மட்டைய இழுத்துட்டான். எல்லாத்துலயும்தான் சுண்ணாம்பு கீது."

"மிச்சம் எங்கண்ணே?"

"வெந்நீர் அடுப்புல போட்டு எரிச்சேன். வராட்டிதானே!"

பொட்டு எதற்கென்று சொன்னால் வெந்நீர்க் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மற்றவர்களை ஏமாற்றச் செய்த விதையைப் போட்டு அண்ணன் ஏமாந்திருக்கிறான், நல்ல விதையில் வெந்நீர் காய்ச்சிக் குளித்திருக்கிறான்.

நாலு வாரத்தில் மூன்று வாரம் விதை தேடியே போயிற்று. விவசாய டிப்போவில் ஊதா நிறத்தில் புது ரகம் இருக்கிறது, அமோகமாகக் காய்க்கும் என்று பொட்டலம் நீட்டினார்கள். இவ்வளவு ஆசையாகக் கொடுக்கிறார்களே என்று வேண்டாம் என்றேன். திருமழிசையில் ஒரு கடைக்காரர், 'வெள்ளைக் கத்திரிதானே, இருக்கிறதே' என்று நான் கேட்டு முடிப்பதற்குள் தலையாட்டினார். கேட்டு முடிப்பதற்குள் இருக்கிறது என்று சொல்பவனிடம் எதுவும் இருக்காது. ஒரு விதையைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த பழைய தோட்டக்காரர்கள் இரண்டு பேர் இல்லை என்று சொன்னார்கள். சொல்லும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசி வாரம் பூந்தமல்லிச் சந்தையில் ஒரு பெண்மணியின் கூடையில் பார்த்தேன். வெள்ளை நிறம், காம்பில் முள். கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது.

"இது எந்தத் தோட்டத்துக் காய்ம்மா?"

"பாரிவாக்கம் ஏரிக்கர ஏழுமலைது. வாங்கறதா இருந்தா வாங்கு, அமுக்கிப் பாக்காத."

4

ஏழுமலைக்கு இப்போது அம்பத்தூரில் ஷிப்டு வேலை. காக்கிப் பேண்டு, கைக்கடிகாரம், சைக்கிள். குடிசை இருந்த இடத்தில் ஓட்டு வீடு. வாசலில் அவன் மகள் செல்வி பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"வா தம்பி. எப்போ வந்தே சீமையிலேர்ந்து?" என்றான்.

'சின்னய்யா' போய்விட்டிருந்தது. போனது நியாயம்தான் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனாலும் மனம் அதைக் குறித்துவைத்துக்கொண்டது.

வீட்டுக்குப் பின்னால் இருபது செடிகள். எல்லாம் தும்பைக் கத்திரி.

"இந்த வெதை உனக்கு ஏது ஏழுமலை?"

"உங்க ஊட்டு எருக்குழிலதான். உங்க நைனா வெதைய எடுத்துகினு சக்கைய அங்கதானே கடாசுவாரு? எரு அள்ளசொல்ல ரெண்டு நாத்து தானா மொளச்சி நின்னுகினு இருந்திச்சி. கொண்ணாந்து எம் பொஞ்சாதி கைல குடுத்தேன், அவதான் நட்டா."

தானாக முளைத்ததாம். திருட்டு மாங்காய்க்காரன்கூடக் காற்றில் விழுந்தது என்றுதான் சொல்வான். நான் நம்பவில்லை. கொட்டகைச் சுவரிலிருந்து பெயர்த்திருப்பான் என்று நினைத்தேன். ஆனால் கேட்க வந்தவன் நான்.

"எனக்குக் கொஞ்சம் வெதை வேணும்."

"அதுக்கின்னா? செவுத்துல கீது பாரு. வேண்டியத நீயே எடுத்துக்க."

சுவரில் ஏழெட்டு வராட்டிகள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில்கூடப் பொட்டு இல்லை.

"நீ எடுத்துக் குடேன்" என்றேன்.

"ஐயே, நான் வேணாம். நான் தண்ணி ஊத்தறதோட சரி. வெதை போடறது, எடுக்கறது எல்லாம் உங்கண்ணிதான். என் கை ஆவாது" என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பொட்டு இல்லாத வராட்டி. தொடமாட்டேன் என்கிற ஆள். எனக்கு வேறு என்ன தோன்றும்? நாளைக்கு முளைக்கவில்லை என்றால், 'நீதானே எடுத்தாய்' என்று சொல்ல வழி செய்கிறான் என்று தோன்றியது.

"சுண்ணாம்புப் பொட்டு வெக்கறதில்லையா?" என்று ஆழம் பார்த்தேன்.

"அது இன்னாத்துக்கு?" என்று அவன் என்னை நேராகப் பார்த்துக் கேட்டான்.

மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று வராட்டிகளைப் பெயர்த்துக்கொண்டேன். எல்லாவற்றையுமா வெந்நீரில் முக்கியிருப்பான் என்ற கணக்கு. அவன் மனைவி காப்பி கொடுத்தாள், குடித்தேன். புறப்படும்போது ஏழுமலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலை வரை வந்தான்.

"மொளச்சா ஒரு கடுதாசி போடு தம்பி. சீமையில நம்ம காய் காச்சிதுன்னா ஜோரா இருக்கும் கேக்கறதுக்கு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பையும் நான் குறித்துவைத்துக்கொண்டேன்.

5

இங்கே விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, வேட்டிக்குள் சுற்றிவைத்திருந்த மூன்று வராட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். இது என்ன என்று கேட்டார். வராட்டிக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது? யோசித்து, "கவ் கேக்" என்றேன். அவர் முகர்ந்து பார்த்தார். பிறகு வேறொருவரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் முகர்ந்தார்கள்.

சாணத்தைப் பிசைந்தது யார், எதற்கு, உணவா, மருந்தா, சமயச் சடங்கா என்று கேட்டு ஒரு படிவத்தில் எழுதினார்கள். படிவத்தில் இதற்கு என்று கட்டம் இல்லாததால் 'இதர' என்ற கட்டத்தில் எழுதினார்கள். கடைசியில் கையுறை போட்ட ஒருவர் வராட்டியை உள்ளறைக்கு எடுத்துப் போய், அரைமணி கழித்து விதைகளை மட்டும் ஒரு காகித உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டேன். "வாஷ்" என்றார். எந்தத் தண்ணீரில், சூடா, பச்சைத் தண்ணீரா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

6

பங்குனி முதல் வாரம் மண்தட்டில் விதையைத் தூவி, சமையலறை ஜன்னல் ஓரம் வைத்தேன். வெளியே மழையும் பனியும் மாறி மாறிப் பெய்தன. ஊரில் என்றால் ஏழாம் நாள் தலை காட்டிவிடும். இங்கே பத்து நாள் ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. வேலைக்குப் போகுமுன் பார்ப்பேன், வந்ததும் கோட்டைக் கழற்றாமல் பார்ப்பேன். மண் மண்ணாகவே இருந்தது.

"எட்டி எட்டிப் பாத்தா அதுக்கே வெக்கமா இருக்கும்" என்றாள் சரோஜா.

சுங்க அதிகாரியைச் சந்தேகப்பட்டேன். கடையில் வாங்கிய மண்ணைச் சந்தேகப்பட்டேன். மாலதி தட்டைத் தொட்டிருப்பாளோ என்று அவளை இரண்டு தடவை விசாரித்தேன். ஆனால் இவை எல்லாம் சும்மா சுற்றி வருவதுதான். என் மனம் முதல் நாளிலிருந்தே ஏழுமலையின் சுவருக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தது. பொட்டு இல்லாத வராட்டி, பின்னால் கட்டிய கை, அந்தச் சிரிப்பு. மூன்று வருஷம் ஏமாந்தவன், வெந்நீர் சங்கதி எப்படியோ தெரிந்துபோய், மூன்று வராட்டி கொடுத்திருக்கிறான். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

இருபத்தோராம் நாள் பொறுக்க முடியவில்லை. நீல நிற ஏர் லெட்டரை எடுத்து ஒரே மூச்சில் எழுதினேன்.

'ஏழுமலைக்கு' என்று ஆரம்பித்தேன். 'நீ கொடுத்த விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. முளைக்காது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். எங்கள் நைனா உனக்குக் கொடுத்த விதையை வெந்நீரில் முக்கிக் கொடுத்தார் என்பதற்காக, நீயும் எனக்கு வெந்நீரில் முக்கிக் கொடுத்துப் பழி தீர்த்துவிட்டாய். கடல் தாண்டி வந்து ஆசையாகக் கேட்டவனுக்கு இதைச் செய்ய உனக்கு எப்படி மனம் வந்தது?' என்று எழுதி, ஒட்டி, தெருமுனைச் சிவப்புப் பெட்டியில் போட்டேன். போட்டதும் நெஞ்சு லேசானது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். அதைச் சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

7

கடிதம் போட்டபின் நான் ஜன்னல் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் வேலையிலிருந்து வந்து பார்த்தபோது தட்டைக் காணவில்லை.

"மாலதி!" என்று கத்தினேன்.

அவள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நாலு நாள் முன்னாடியே நான்தான் எடுத்தேன் அப்பா. ஜன்னல்ல ரொம்ப குளிர். அதுக்கு சூடு வேணும்னு டீச்சர் சொன்னாங்க. நான் அதை சூட்டுல வெச்சேன்."

மாடியில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரி ஒன்று உண்டு. ஈரத் துணி காயப்போடுவோம். அவள் அதன் கதவைத் திறந்தாள். துவாலைகளுக்கு நடுவே தட்டு இருந்தது. மண்ணைப் பிளந்துகொண்டு, கூன் முதுகோடு வெள்ளையாகப் பதினான்கு நாற்றுகள். ஒவ்வொன்றாக எண்ணினேன். எண்ணி முடித்தபோது தெருமுனைச் சிவப்புப் பெட்டி நினைவுக்கு வந்தது.

மாலதி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சந்தோஷமா இல்லியா அப்பா?"

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தபால் ஆபீசுக்கு ஓடினேன். பெட்டியில் போட்ட கடிதத்தைத் திரும்பப் பெற முடியுமா என்றேன். அங்கிருந்த பெண்மணி, பெட்டிக்குள் போன கடிதம் போனதுதான் என்று பொறுமையாகச் சொன்னார். அந்தக் கடிதம் எங்காவது மழையில் நனைந்து எழுத்தெல்லாம் கரைந்துபோக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். 'முளைத்துவிட்டது, மன்னித்துவிடு' என்று மறுகடிதம் போட்டிருக்கலாம். முதல் கடிதம் தொலைந்துபோனால் இரண்டாவது கடிதம் வீணாகக் காட்டிக்கொடுத்துவிடுமே என்று அதையும் செய்யவில்லை. இது கோழைத்தனம். வேறு பெயர் இல்லை.

கடிதம் தொலையவில்லை. இரண்டு மாதம் கழித்து, பத்து நாளுக்கு முன்னால் பதில் வந்தது. செல்வியின் கோணல் இல்லாத பள்ளிக்கூடக் கையெழுத்து.

'அன்புள்ள தம்பிக்கு, நாங்கள் எல்லாரும் நலம். அங்கே உங்கள் வீட்டம்மா, குழந்தை நலமா? அப்பா சொல்லச் சொல்ல செல்வி எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் வெந்நீரில் போடவில்லை தம்பி. நீங்கள் பொட்டைப் பற்றி அன்றைக்குக் கேட்டதுகூட எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் ஒரே விதைதான், அதனால் பொட்டு வைப்பதில்லை. முளைக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

உங்கள் நைனா வெந்நீரில் போட்ட சங்கதி எனக்கு இதுவரை தெரியாது. உங்கள் கடிதத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இத்தனை நாளாய் என் கைதான் ஆகாத கை என்று நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு நான் எதையும் விதைத்ததில்லை. செல்வி பெயரில் ஒரு தென்னம்பிள்ளை வைத்தபோதுகூட என் கையால் குழியில் வைக்கவில்லை.

இந்த ஆடிக்கு நானே என் கையால் விதைக்கப் போகிறேன்.'

தன்னைப் போல் பிறரை நினை என்பார்கள். நான் அதைத்தான் செய்தேன். ஏழுமலையை என்னைப் போலவே நினைத்தேன்.

செடிகள் இப்போது முழங்கால் உயரம். நேற்று முதல் பூ விட்டது. மாலதி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அதைத்தான் முதலில் பார்க்கிறாள், பெயரையும் தமிழிலேயே சொல்கிறாள். எனக்குச் செடிப் பக்கம் போகப் பிடிக்கவில்லை.

மேஜைமேல் ஏர் லெட்டர் பிரித்தபடி இருக்கிறது. ஒன்றைக் கிழித்துவிட்டு இது இரண்டாவது. 'முளைத்துவிட்டது' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், அந்த மனிதர் சந்தோஷப்படுவார். ஆனால் கடிதம் என்றால் முதலில் கூப்பிட வேண்டும். 'ஏழுமலைக்கு' என்று இனி எழுத வராது. 'அண்ணனுக்கு' என்று எழுத எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை. 'அன்புள்ள' வரை எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.